உள்ளே வந்தாலும் அதே பெயர்

நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அலுவலகம் பரமத்தி ரோட்டில். பண்ணைகள் மோகனூர், சேந்தமங்கலம், புதுச்சத்திரம் பக்கம் பிரிந்து கிடக்கின்றன. முட்டைக் கணக்கு, தீவன இருப்பு, எந்த லாரியில் எத்தனை டிரே போனது என்பதையெல்லாம் பதிவுசெய்ய ஒரு இணையதளம் செய்து, அதை அலுவலகத்துப் பின்னறையில் இருக்கும் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டிருக்கிறார்கள். மாத வாடகை கிடையாது, கணக்கும் வெளியார் கையில் இல்லை. சூப்பர்வைசர் காலையில் ஷெட்டுக்குள் நின்றபடி மொபைல் டேட்டாவில் அன்றைய எண்ணிக்கையைப் போட்டுவிடுகிறார். அவரே மதியம் அலுவலகத்துக்கு வந்து வைஃபையில் சேர்ந்ததும் அந்தப் பக்கம் திறக்க மறுக்கிறது. "வெளிய நல்லா ஓப்பன் ஆகுதுங்ணா, நம்ம ஆபீஸ் வைஃபைல வந்தா மட்டும் சுத்திக்கிட்டே இருக்குதுங்க" என்பார். சர்வரோ அடுத்த அறையில் இருக்கிறது.

சொந்தமாக சர்வர் வைக்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் என்றாலும், ஆத்தூர் ரோட்டில் சேகோ ஆலை என்றாலும், திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக் கம்பெனி என்றாலும் இதே கதைதான். பெரும்பாலோர் கண்டுபிடிக்கும் வழியும் ஒன்றே: அலுவலகத்துக்குள் இருக்கும்போது பெயருக்குப் பதிலாக 192.168.1.10 என்று சர்வரின் உள் எண்ணை அடிக்கச் சொல்வது. அது மேசைக்கு மேசை காகிதத்தில் எழுதி ஒட்டப்படும்.

அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணை அடித்ததும் பிரவுசர் "இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல" என்று எச்சரிக்கும். ஏனென்றால் சான்றிதழ் பெயருக்குத்தான் வாங்கப்பட்டிருக்கிறது, எண்ணுக்கு அல்ல. எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு உள்ளே போகலாம் என்று நாமே ஊழியர்களுக்குப் பழக்கிவிட்டால், நாளைக்கு உண்மையான மோசடிப் பக்கம் வரும்போதும் அவர்கள் அப்படியே தள்ளிவிட்டுப் போவார்கள். அலுவலகத்திலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் லிங்க், வெளியே இருப்பவருக்குத் திறக்காது. பெயரில் ஒரு கடவுச்சொல், எண்ணில் ஒரு கடவுச்சொல் என்று பிரவுசர் இரண்டாகச் சேமித்துக் குழப்பும். ஒரு தளத்துக்கு ஒரே பெயர்தான் இருக்க வேண்டும். எங்கிருந்து அடித்தாலும் அது திறக்க வேண்டும். இந்த இயல் முழுவதும் அதற்காகத்தான்.

உங்கள் டொமைன் வர வேண்டிய இடத்தில் எல்லாம் 'நம்பண்ணை.இன்' என்றும், கணக்குத் தளத்துக்குக் 'கணக்கு.நம்பண்ணை.இன்' என்றும் எழுதுகிறேன். உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பொட்டலம் எங்கே தொலைகிறது

போனில் பெயரை அடித்ததும், அந்தப் பெயருக்கு உரிய ஐபி முகவரி என்ன என்று போன் ஒரு டிஎன்எஸ் சர்வரைக் கேட்கிறது. உலகத்துக்கு நீங்கள் அறிவித்திருப்பது உங்கள் இணைய இணைப்பின் பொது முகவரி. எனவே ஷெட்டில் இருந்தாலும் அலுவலகத்தில் இருந்தாலும் போனுக்கு அதே பொது முகவரிதான் பதிலாகக் கிடைக்கும். ஷெட்டிலிருந்து புறப்பட்ட பொட்டலம் இணையம் வழியாக உங்கள் ரவுட்டருக்கு வரும். 443ஆம் போர்ட்டுக்கு வருவதை 192.168.1.10க்குத் தள்ளு என்று ரவுட்டரில் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறீர்கள். அதனால் அங்கே சிக்கல் இல்லை.

அலுவலகத்துக்குள் நடப்பது வேறு. போனின் முகவரி 192.168.1.25 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பொது முகவரிக்கு ஒரு பொட்டலம் அனுப்புகிறது. ரவுட்டர் அதைப் பிடித்து, சேருமிடத்தை 192.168.1.10 என்று மாற்றி சர்வருக்குக் கொடுக்கிறது. அனுப்பியவர் முகவரியோ 192.168.1.25 என்றே நிற்கிறது. சர்வர் பார்க்கிறது: கேட்டவர் நம் வலைக்குள்தானே இருக்கிறார், ரவுட்டர் எதற்கு என்று நேராகப் போனுக்கே பதில் அனுப்பிவிடுகிறது. போன் காத்திருப்பது பொது முகவரியிடமிருந்து வரும் பதிலுக்கு. 192.168.1.10 என்பவரிடம் அது எதையும் கேட்கவில்லை. எனவே வந்த பதிலைக் கீழே போட்டுவிடுகிறது. திரையில் சுற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான். சில ரவுட்டர்கள் இந்த அளவுக்குக்கூடப் போகாமல் பொது முகவரி என்றால் தன்னையே கேட்கிறார்கள் என்று எண்ணித் தன் லாகின் பக்கத்தைக் காட்டும். அதைப் பார்த்துத் தளத்தை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பதறுகிறவர்களும் உண்டு.

இதைச் சரிசெய்ய ரவுட்டரிலேயே ஒரு வசதி இருக்கிறது. ஹேர்பின் நாட் என்பார்கள், நாட் லூப்பேக் என்றும் சொல்வதுண்டு. சேருமிடத்தோடு அனுப்பியவர் முகவரியையும் தன்னுடையதாக மாற்றி, பதில் தன் வழியாகவே திரும்பும்படி ரவுட்டர் செய்துவிடும். உங்கள் பெட்டியில் அது இருந்து, பயனாளர்களும் பத்துப் பேருக்குள் என்றால் அதை இயக்கிவிட்டு இந்த இயலை இங்கேயே மூடிவிடலாம், தப்பில்லை. ஆனால் ஃபைபர் இணைப்போடு இலவசமாகத் தரும் பெட்டிகள் பலவற்றில் அது இருக்காது. இருந்தாலும், உள்ளேயிருந்து வருகிற எல்லோரும் சர்வரின் பதிவேட்டில் ரவுட்டரின் ஒரே முகவரியாகத்தான் விழுவார்கள். யார் எந்த மேசையிலிருந்து எந்தக் கணக்கைத் திருத்தினார்கள் என்று பின்னால் பார்க்கவே முடியாது. கணக்குத் தளத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல. இணைப்பு அறுந்தால் தளமும் போய்விடும் என்பது இன்னொரு பலவீனம். இணைப்பு போனால் ரவுட்டரிடம் பொது முகவரியே இருக்காது. பெயரைச் சொல்ல வெளியே ஆளும் இருக்காது.

அதனால் நான் சொல்லும் வழி, கேட்கிறவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்துப் பெயருக்குப் பதில் சொல்வது. வெளியிலிருந்து கேட்டால் பொது முகவரி, உள்ளிருந்து கேட்டால் 192.168.1.10. பிளவு டிஎன்எஸ் என்று இதைச் சொல்வார்கள். உள்ளே ஒரு சிறிய டிஎன்எஸ் சர்வர் வைத்தால் போதும்.

தொடங்கும் முன் இரண்டு சோதனைகள்

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் முகவரி, அதாவது இணையப் பக்கத்து முகவரி, என்ன என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தருகிறது என்று பொருள். இந்தப் பங்கீட்டுக்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. அப்படியானால் வெளியிலிருந்து உங்கள் சர்வருக்கு நேரே வழியே கிடையாது. கட்டணம் கட்டி நிலையான ஐபி வாங்க வேண்டும், அல்லது கிளவுட்ஃபிளேர் டனல் போன்ற ஒன்றை வைக்க வேண்டும். டனல் வைத்திருப்பவர்களுக்கு அலுவலகத்துக்குள்ளிருந்தும் தளம் திறக்கத்தான் செய்யும். ஆனால் பக்கத்து அறைக்குப் போக வேண்டிய பொட்டலம் வெளியூர் போய்த் திரும்பி வரும். உள் டிஎன்எஸ் வைத்தால் அந்தச் சுற்று மிச்சம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டனலில் பிரவுசர் பார்க்கும் சான்றிதழ் அந்த நிறுவனத்தின் முனையில் இருப்பது. நேரே சர்வருக்கு வரும்போது சர்வரிடமே சொந்தச் சான்றிதழ் இருக்க வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் அதை இலவசமாகத் தருகிறது. 80ஆம் போர்ட்டை வெளியே திறக்காமலேயே, டொமைனில் ஒரு டிஎக்ஸ்டி பதிவு போட்டு உரிமையை நிரூபித்து வாங்கும் முறையும் அதில் உண்டு. உள்ளே மட்டும் ஓடும் தளங்களுக்கு அந்த முறைதான் சரி.

இரண்டாவது சோதனையை நிறையப் பேர் விட்டுவிட்டு, பின்னால் மணிக்கணக்கில் தேடுவார்கள். டிஎன்எஸ் முகவரியைத்தான் சொல்லும், போர்ட்டைச் சொல்லாது. வெளியிலிருந்து 443க்கு வருவதை ரவுட்டர் சர்வரின் 8443க்குத் தள்ளுகிறது என்றால் வெளியே எல்லாம் சரியாக இருக்கும். உள் டிஎன்எஸ் வைத்ததும் போன் ரவுட்டரைத் தொடாமல் நேரே 192.168.1.10இன் 443ஆம் கதவைத் தட்டும். அங்கே யாரும் இல்லை. எனவே தளம் சர்வரிலேயே 443இல் நிற்க வேண்டும். ஒரே கம்ப்யூட்டரில் கணக்கு, வருகைப்பதிவு, கேமரா என்று பல தளங்கள் வெவ்வேறு போர்ட்டுகளில் ஓடினால் எஞ்சின்எக்ஸ் அல்லது கேடி போன்ற ஒரு ரிவர்ஸ் பிராக்ஸியை 443இல் நிறுத்துங்கள். வந்தவர் எந்தப் பெயரைக் கேட்டார் என்று பார்த்து அது உரிய தளத்துக்கு அனுப்பும். உள் டிஎன்எஸ்ஸில் எல்லாப் பெயர்களும் பிராக்ஸி இருக்கும் முகவரியையே காட்டட்டும். வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் அதன் ஜெனரல் செட்டிங்ஸில் தள முகவரி பெயராக இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவும்போது எண்ணைப் போட்டிருந்தால், வெளியிலிருந்து வருகிறவரையும் அது 192.168.1.10க்கே திருப்பிவிடும்.

ஹோஸ்ட்ஸ் ஃபைல்: ஓரிரு கம்ப்யூட்டர்களுக்கு மட்டும்

விண்டோஸில் சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போனால் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். நோட்பேடை நிர்வாகி உரிமையோடு திறந்து, எண்ணையும் பெயரையும் ஒரே வரியில் இடைவெளி விட்டு எழுதிச் சேமித்தால் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் வேலை முடிந்தது. லினக்ஸில் ஈடிசி அடைவில் அதே பெயரில் இருக்கும்.

இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் எல்லா எந்திரங்களின் பெயர்களும் இப்படி ஒரே கோப்பில்தான் இருந்தன. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பராமரித்தார்கள். ஒவ்வொரு ஊரும் அங்கிருந்து பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். எந்திரங்கள் பெருகப் பெருக அது சமாளிக்க முடியாமல் போய், 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். உங்கள் அலுவலகத்திலும் அதே காரணத்துக்காகத்தான் இந்தக் கோப்பு போதாமல் போகும். சாதாரண ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் இதைத் திருத்த வழியில்லை. திருத்திய லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போனால் அங்கே தளம் திறக்காது, 192.168.1.10 என்று அது தேடுவது வீட்டு வலையில் வேறு எதையோ. சோதித்துப் பார்க்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள், சோதனை முடிந்ததும் அந்த வரியை அழித்துவிடுங்கள். மறந்துபோன ஒரு ஹோஸ்ட்ஸ் வரி, ஆறு மாதம் கழித்து சர்வரின் எண்ணை மாற்றும்போது ஒரே ஒரு கம்ப்யூட்டரை மட்டும் படுத்தி எடுக்கும்.

உள் டிஎன்எஸ் சர்வரை நிறுத்துவது

முதலில் உங்கள் ரவுட்டரையே பாருங்கள். மைக்ரோடிக்கில் ஐபி பட்டியலில் டிஎன்எஸ், அதற்குள் ஸ்டாட்டிக் என்ற பகுதி இருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி போட்ட ரவுட்டர்களில் ஹோஸ்ட்நேம் பகுதியில் எழுதலாம். அப்படி இருந்தால் தனிப் பெட்டி தேவையில்லை.

இல்லையென்றால் ஒரு ராஸ்பெர்ரி பை அல்லது ஒதுக்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, பை-ஹோல் அல்லது அட்கார்ட் ஹோம் நிறுவிக்கொள்ளலாம். இரண்டும் விளம்பரம் தடுப்பதற்காக உருவானவை; பெயருக்குப் பதில் சொல்வது அவற்றின் அடிப்படை வேலை என்பதால் நம் தேவைக்கும் பொருந்தும். பை-ஹோலின் உள்ளே ஓடுவது சைமன் கெல்லி எழுதிய டிஎன்எஸ்மாஸ்க்கின் ஒரு வடிவம். நிறைய வீட்டு ரவுட்டர்களுக்குள்ளும் இதே நிரல்தான் இருக்கிறது. கணக்குத் தளம் ஓடும் சர்வரிலேயே இதையும் நிறுவ ஆசை வரும். பை-ஹோலின் நிர்வாகப் பக்கமும் 80, 443 போர்ட்டுகளைக் கேட்கும் என்பதால் மோதல் வரும். அதைவிட முக்கியம்: சர்வரை அப்டேட் செய்ய ரீபூட் பண்ணும்போதெல்லாம் அலுவலகம் முழுக்க "நெட் போச்சு" என்ற கூச்சல் எழும். முடிந்தவரை தனிப் பெட்டியாக வையுங்கள்.

எண்களைப் பூட்டுவது முதல் வேலை. டிஎன்எஸ் பெட்டிக்கு 192.168.1.2 என்று நிலையான முகவரி கொடுங்கள். சர்வரின் 192.168.1.10 மாறாதபடி, ரவுட்டர் எல்லோருக்கும் எண் வழங்கும் டிஎச்சிபி பகுதியில் சர்வரின் மேக் முகவரியோடு கட்டிவிடுங்கள். பிறகு பை-ஹோலில் லோக்கல் டிஎன்எஸ் ரெக்கார்ட்ஸ் பக்கத்துக்குப் போய், கணக்கு.நம்பண்ணை.இன் என்ற பெயருக்கு 192.168.1.10 என்று ஒரு பதிவு சேருங்கள். பழைய பதிப்புகளில் அது இடப்பக்கப் பட்டியலிலேயே இருக்கும். 2025இல் வந்த ஆறாம் பதிப்பில் செட்டிங்ஸுக்குள் போயிருக்கிறது. அட்கார்ட் ஹோமில் ஃபில்டர்ஸ் பட்டியலில் டிஎன்எஸ் ரீரைட்ஸ் என்று இருப்பது இதுதான். அங்கே நட்சத்திரக் குறி போட்டு எல்லாத் துணைப் பெயர்களையும் ஒரே வரியில் அடக்கலாம். ஆனால் அப்படி அடக்கும் முன் யோசியுங்கள். உங்கள் மின்னஞ்சலோ விளம்பரத் தளமோ அதே டொமைனில் வெளியே வேறு நிறுவனத்திடம் இருந்தால், உள்ளே இருப்பவர்களுக்கு அவையும் பின்னறைக் கம்ப்யூட்டரைக் காட்டிவிடும். பெயர் பெயராகச் சேர்ப்பதே நல்லது.

தமிழிலேயே டொமைன் வாங்கியிருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. .இந்தியா என்று முடியும் பெயர்கள் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் டிஎன்எஸ்ஸுக்குள் அவை பியூனிகோட் என்ற ரோமன் எழுத்து வடிவில்தான் போகின்றன. பதிவு சேர்க்கும்போது அந்த வடிவத்தைப் போட வேண்டியிருக்கும். டொமைன் வாங்கிய இடத்திலேயே அது கிடைக்கும்.

கடைசியாக, ரவுட்டரின் டிஎச்சிபி பகுதியில் டிஎன்எஸ் சர்வர் என்ற இடத்தில் 192.168.1.2 என்று போடுங்கள். இனி வைஃபையில் சேரும் ஒவ்வொரு போனுக்கும் அதுவே சொல்லப்படும். இணைய நிறுவனம் கொடுத்த பெட்டி இதை மாற்ற விடாவிட்டால், அதில் டிஎச்சிபியை அணைத்துவிட்டு பை-ஹோலின் டிஎச்சிபியை இயக்குங்கள். ஏற்கெனவே இணைந்திருக்கும் போன்கள் பழைய எண்ணையே வைத்திருக்கும். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லுங்கள்.

அங்கே இரண்டாவது டிஎன்எஸ் என்று ஒரு கட்டம் காலியாக இருக்கும். எல்லோர் கையும் அங்கே 8.8.8.8 என்று போடத் துடிக்கும். போடாதீர்கள். முதலாவது செத்தால்தான் இரண்டாவதைக் கேட்கும் என்பது தவறான நம்பிக்கை. எதை எப்போது கேட்பது என்பதைப் போனும் கம்ப்யூட்டரும் தம் விருப்பப்படி முடிவு செய்யும். கூகுளின் சர்வரைக் கேட்டால் பொது முகவரி வரும், தளம் திறக்காது. மறுநிமிடம் பை-ஹோலைக் கேட்டால் திறக்கும். "ஒரு நேரம் வருது, ஒரு நேரம் வரமாட்டேங்குது" என்ற புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கட்டத்திலிருந்து பிறப்பவை. மாற்று வேண்டுமென்றால் இன்னொரு பை-ஹோல் பெட்டி வைத்து, அதே பதிவுகளை அதிலும் எழுதி அந்த எண்ணைப் போடுங்கள். இரண்டு பெட்டி வைக்க வசதி இருந்தால் வைத்துவிடுங்கள் என்பதே என் அறிவுரை. ராஸ்பெர்ரி பையின் எஸ்டி கார்டு அடிக்கடி கரண்ட் போய் வரும் இடத்தில் நீண்ட நாள் தாங்காது.

இன்னொரு எச்சரிக்கை, இதைத் தடித்த எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள். 53ஆம் போர்ட்டை ரவுட்டரில் வெளியே திறக்கவே கூடாது. திறந்து கிடக்கும் டிஎன்எஸ் சர்வர்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் வழியாகப் பிறரைத் தாக்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 2013இல் ஸ்பாம் தடுப்பு அமைப்பான ஸ்பாம்ஹாஸின் மீது நடந்த பெரும் தாக்குதல் அப்படித் திறந்து கிடந்த சர்வர்களைக் கொண்டுதான் நடத்தப்பட்டது.

பெயரை நீங்களே கற்பனை செய்யாதீர்கள்

டொமைன் வாங்காமல் உள்ளுக்கு மட்டும் ஏதாவது பெயர் வைக்கலாமே என்று தோன்றும். '.லோக்கல்' என்று முடியும் பெயர் வேண்டாம். பிரிண்டர், டிவி போன்றவை ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் முறைக்கு 2013இலேயே அது ஒதுக்கப்பட்டுவிட்டது, உங்கள் சர்வரைக் கேட்காமலே கேள்வி வேறு பக்கம் போய்விடும். வாய்க்கு வந்த முடிவைப் போடுவதும் ஆபத்து. ஜெர்மனியின் ஏவிஎம் நிறுவனம் தன் ரவுட்டர்களின் நிர்வாகப் பக்கத்துக்கு 'ஃபிரிட்ஸ்.பாக்ஸ்' என்று பல ஆண்டுகளாகப் பெயர் வைத்திருந்தது. '.பாக்ஸ்' என்பது பின்னாளில் உண்மையான டொமைன் முடிவாகி, 2024 தொடக்கத்தில் பொது விற்பனைக்கு வந்ததும் யாரோ ஒருவர் அந்தப் பெயரையே வாங்கிவிட்டார். அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி. உள்ளுக்கு மட்டும் என்றே ஒதுக்கப்பட்டவை 'ஹோம்.ஆர்பா'வும், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் 2024இல் ஒதுக்கிய '.இன்டர்னல்'லும். ஆனால் அவற்றுக்குப் பொதுச் சான்றிதழ் கிடைக்காது. சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி, அதன் துணைப் பெயரைப் பயன்படுத்துவதே எல்லாக் கதவுகளையும் திறக்கும்.

குறுக்குவழி ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது: பொது டிஎன்எஸ்ஸிலேயே 192.168.1.10 என்று எழுதிவிடுவது. உள்ளே மட்டும் ஓடும் தளத்துக்குத்தான் அது பொருந்தும். அதிலும் ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற ரவுட்டர்கள், வெளியிலிருந்து உள் முகவரி பதிலாக வந்தால் அதைத் தாக்குதல் என்று கருதித் தடுத்துவிடும். இணைப்பு போனால் பெயரும் போகும்.

எல்லாம் செய்தும் திறக்கவில்லை என்றால்

பிரவுசரைக் கடைசியாகத் திறங்கள். அது பழையதை நினைவில் வைத்திருந்து ஏமாற்றும். முதலில் விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'என்எஸ்லுக்அப்' கட்டளையைப் பெயரோடும், பின்னால் 192.168.1.2 என்ற எண்ணோடும் அடியுங்கள். 192.168.1.10 என்று பதில் வந்தால் டிஎன்எஸ் பெட்டியில் பிழையில்லை. பிறகு எண்ணை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் கொடுத்து அடியுங்கள். இப்போது பொது முகவரி வந்தால், அந்தக் கம்ப்யூட்டர் உங்கள் பெட்டியைக் கேட்கவில்லை. யாரைக் கேட்கிறது என்பதும் அந்தப் பதிலிலேயே இருக்கும்.

அப்படி வேறு யாரையோ கேட்பதற்கு ஐபிவி6 ஒரு முக்கியக் காரணம். இப்போதைய ஃபைபர் பெட்டிகள் பலவும் ஐபிவி6 வழியாகத் தம் டிஎன்எஸ் முகவரியைத் தனியாக அறிவித்துக்கொண்டே இருக்கும். டிஎச்சிபியில் நீங்கள் எழுதியது ஐபிவி4க்கு மட்டும். போன் இரண்டையும் வைத்துக்கொண்டு ஃபைபர் பெட்டியின் சொல்லைக் கேட்கும். அந்த ஃபைபர் பெட்டியின் லேன் பகுதியில் ஐபிவி6 டிஎன்எஸ் அறிவிப்பை மாற்றுங்கள், முடியாவிட்டால் அணையுங்கள். உங்கள் டொமைனுக்குப் பொதுவெளியில் ஐபிவி6 பதிவும் இருந்தால், அந்தக் கேள்வி வெளியே போய் வெளி முகவரியைக் கொண்டுவருகிறதா என்றும் சோதியுங்கள்.

அடுத்தது மறைகுறியாக்கிய டிஎன்எஸ். ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ் என்ற இடத்தில் ஏதாவது நிறுவனத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தால் அந்தப் போன் உங்கள் பெட்டியைக் கேட்காது. 'ஆட்டோமேட்டிக்' என்று வைத்தால் பிரச்சினை இல்லை. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் செக்யூர் டிஎன்எஸ் என்ற பகுதியில் யாராவது தனி நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். போனில் விபிஎன் செயலி ஓடினாலும் இதே விளைவுதான். ஊழியரின் சொந்தப் போனில் அவர் தெரிந்தே வைத்த பாதுகாப்பு அது என்றால், காரணத்தைச் சொல்லிக் கேட்டு மாற்றுங்கள். நீங்களாக எடுத்து மாற்றாதீர்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் பழைய பதிலே வருகிறது என்றால் நினைவை அழிக்க வேண்டும். விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக்' கட்டளையோடு 'ஃபிளஷ்டிஎன்எஸ்' என்ற தெரிவு. போனில் ஏரோபிளேன் மோடை ஒருமுறை போட்டு எடுத்தால் போதும்.

லைன் அறுந்த நாளில்

ரோடு வேலையில் ஜேசிபி ஃபைபரை வெட்டிவிட்டால் இணைப்பு திரும்ப ஒரு நாள்கூட ஆகலாம். லாரி ஏற்றும் வேலை அதற்காக நிற்காது. உள் டிஎன்எஸ் இருந்தால் கணக்குத் தளம் அலுவலகத்துக்குள் அன்றும் திறக்கும். அந்த நாளுக்கு முன்கூட்டியே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

இணையம் இல்லாத வைஃபையை ஸ்மார்ட்போன்கள் விரும்புவதில்லை. தாமாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அங்கே பெயருக்குப் பொது முகவரி கிடைக்கும். அந்த முகவரியின் லைன்தான் அறுந்து கிடக்கிறது. எனவே அன்று மட்டும் மொபைல் டேட்டாவை அணைக்கச் சொல்ல வேண்டும், அல்லது "இணையம் இல்லை, இணைப்பில் தொடரவா" என்று போன் கேட்கும்போது ஆம் என்று சொல்ல வேண்டும். இதை ஊழியர்களுக்கு முன்பே காட்டிவையுங்கள்.

தளத்தைச் செய்தவர் எழுத்துருவையும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளையும் வெளி சர்வர்களிலிருந்து இழுக்கும்படி எழுதியிருப்பார். லைன் இல்லாதபோது பக்கம் பாதி வந்து நிற்கும், பொத்தான் அமுங்காது. அவற்றை உங்கள் சர்வரிலேயே வைக்கச் சொல்லுங்கள். சோதிப்பது எளிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபைபர் கம்பியை ரவுட்டரிலிருந்து கழற்றிவிட்டு, ஒரு முழு ஏற்றத்தைப் பதிவுசெய்து பில் போட்டுப் பாருங்கள்.

ரவுட்டர், டிஎன்எஸ் பெட்டி, வைஃபை பெட்டி, நெட்வொர்க் சுவிட்ச் நான்கும் சர்வரோடு சேர்ந்து யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். சர்வரை மட்டும் யுபிஎஸ்ஸில் வைத்துவிட்டு, அதற்குப் போகும் சுவிட்சைச் சுவர் பிளக்கில் விட்டிருக்கும் அலுவலகங்கள் அதிகம். ராஸ்பெர்ரி பையில் பேட்டரியோடு கடிகாரம் இல்லாவிட்டால், கரண்ட் போய் வந்ததும் அது தவறான நேரத்தோடு எழும். நேரத்தை இணையத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ளும் வரை, பெயர்ப் பதில்கள் உண்மையானவையா என்று பார்க்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு தோற்று, வெளிப் பெயர்கள் எதுவும் திறக்காமல் போகலாம். சிறிய கடிகாரச் சில்லு ஒன்றைச் சேர்த்தால் தீரும்.

இரண்டாம் அலுவலகம் இருந்தால்

நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் அலுவலகம் வைத்து, இரண்டையும் வயர்கார்ட் விபிஎன்னால் இணைக்க நினைப்பவர்கள் முதலில் எண்களை மாற்ற வேண்டும். இரண்டு இடத்திலும் 192.168.1 என்றே இருந்தால், 192.168.1.10 என்பது எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. 10 என்று தொடங்கும் முழுத் தொகுதியும் உள் உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டது. வண்டித் தொழிலில் இருப்பவர்களுக்கு ஆர்டிஓ எண்கள் மனப்பாடம் என்பதால், இரண்டாம் இடத்தில் அவற்றையே போடச் சொல்கிறேன்: நாமக்கல்லுக்கு 10.28.0, சங்ககிரிக்கு 10.52.0, திருச்செங்கோட்டுக்கு 10.34.0, ஆத்தூருக்கு 10.77.0. பதிவேட்டில் ஒரு முகவரியைப் பார்த்ததும் எந்தக் கிளை என்று ஊழியருக்கே தெரிந்துவிடும்.

சங்ககிரியில் தனி பை-ஹோல் பெட்டி வைத்து, கணக்கு.நம்பண்ணை.இன் என்றால் 10.28.0.10 என்று எழுதினால் போக்குவரத்து விபிஎன் வழியாகப் போகும். ஒரே பெட்டியை இரு ஊருக்கும் பொதுவாக வைத்தால், பை-ஹோல் வழக்கமாகத் தன் வலைக்குள்ளிருந்து வரும் கேள்விகளுக்கு மட்டுமே பதில் சொல்லும் என்பதை நினைவில் வையுங்கள். டிஎன்எஸ் செட்டிங்ஸில் அதைத் தளர்த்தினால்தான் கிளையிலிருந்து வரும் கேள்வியை ஏற்கும். அப்படித் தளர்த்தும் நாளில் 53ஆம் போர்ட் வெளியே மூடியிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

ஆனால் கிளையில் இருப்பவர்கள் கணக்குத் தளம் ஒன்றை மட்டும்தான் திறக்கிறார்கள் என்றால் இந்த வேலை எதுவும் வேண்டாம். சங்ககிரிக்கு நாமக்கல் வெளியூர்தான். பொதுப் பெயர், பொது முகவரி, முறையான சான்றிதழ் மூன்றும் இருக்கும்போது அவர்கள் இணையம் வழியாகவே வரட்டும். விபிஎன் அறுந்தால் உள் முகவரியைக் காட்டும் பெயர் அவர்களுக்குத் திறக்காது, பொது முகவரி திறந்திருக்கும். பிரிண்டர், கேமரா, பகிர்ந்த ஃபோல்டர் என்று வெளியே காட்டக் கூடாதவை கிளைக்கும் தேவைப்படும்போது விபிஎன்னை இழுங்கள், அப்போதும் கணக்கு.நம்பண்ணை.இன் என்ற பெயரைக் கிளைப் பெட்டியில் எழுதாமல், கேமராவுக்கும் பிரிண்டருக்கும் உரிய பெயர்களை மட்டும் எழுதுங்கள்.